காக்கா, மைனா, புறா... சின்னக் குருவிகளை நிஜமாகவே விரட்டுவது யார்?

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் வழியில், கே.ஜி.கண்டிகையில் காலை ஏழு மணிக்கு பஸ்ஸைவிட்டு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீ சொல்லுங்கள். அது கைக்கு வருவதற்குள் கண்ணில் படும் பறவைகளை எண்ணிப் பாருங்கள். ஓட்டல் வாசலில் எச்சில் இலைக்குக் காத்திருக்கும் காக்கா. கறிக்கடைக் கூரைமேல் இன்னும் நாலு காக்கா. கரன்ட் கம்பியில் மைனா. மாடிக் கைப்பிடிச் சுவரில் புறா. டீயைக் குடித்து முடிக்கிறவரை பார்த்தாலும், இந்த மூன்று பேரைத் தாண்டிப் பட்டியல் நீள்வது கஷ்டம்தான்.

இப்போ அப்படியே ஊரைத் தாண்டி, புதர் மண்டிய ஓர் ஓடைக்கரை பக்கமாக நடந்து பாருங்க. முதலில் எதுவும் தெரியாது. சத்தம்தான் கேட்கும். ரெண்டு நிமிஷம் அசையாமல் நின்றால், இலைகளுக்குள் ஒரு தையல்சிட்டு தெரியும். பூவில் தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டு தெரியும். வாலை ஆட்டிக்கொண்டே புதரிலிருந்து புதருக்குத் தாவும் கதிர்க்குருவி, கொண்டைக்குருவி, கும்பலாகக் கத்திக்கொண்டு சருகு கிளறும் தவிட்டுக்குருவிகள் என்று பட்டியல் சட்டென்று நீண்டுவிடும்.

ஒரே ஊர்தான். ஆனால் நூறு தப்படி தள்ளி நின்றால் பறவைகளின் பட்டியலே மாறிவிடுகிறது. ஏன்?

"காக்கா கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு சார், அதுங்க எங்க சின்னக் குருவியை வாழ விடுதுங்க?" என்பதுதான் பலரும் சட்டென்று சொல்லும் பதில். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, நமக்குக் கொஞ்சம் சங்கடமானது.

பொந்துக்கு நடக்கும் அடிதடி

முதல் பாதியைப் பார்த்துவிடுவோம். காக்கா, மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். இது புதுச் செய்தி இல்லை. கூட்டைவிட்டுத் தாய் நகர்ந்த நேரம் பார்த்து வந்து தூக்கிக்கொண்டு போவதைக் கிராமத்தில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்போம். வால்காக்கையும் செம்போத்தும்கூட இதில் சளைத்தவை இல்லை.

மைனாவின் கதை வேறு. அதற்கு வேண்டியது பொந்து. மைனா தானாக மரத்தைக் குடைந்து பொந்து செய்யாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்துவிட்டுப் போன பொந்தையும், பட்டுப்போன கிளை உளுத்து உருவான பொந்தையும்தான் தேடும். இதே பொந்துகளைத்தான் பச்சைக்கிளியும் தேடுகிறது. குண்டுக்கரிச்சான், பட்டாணிக்குருவி, கொண்டலாத்தி, பனங்காடை, புள்ளி ஆந்தை எல்லாமே இதே வீட்டுக்கு மனு போட்டவைதான். வீடு ஒன்று, விண்ணப்பம் பத்து என்றால் என்ன நடக்கும்? குரல் பெரிதாக இருப்பவருக்கும், கூட ஆள் இருப்பவருக்கும்தான் சாவி கிடைக்கும். மைனாவுக்கு இரண்டும் உண்டு.

திருத்தணிப் பக்கம் எல்லைச் சண்டை புதிதல்ல. ம.பொ.சி. முதலானவர்கள் போராடி, 1960-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பகுதி இது. இன்றைக்கும் இங்கே பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒன்றாகப் புழங்கும். மைனாவை ஒரு வீட்டில் மைனா என்பார்கள், பக்கத்து வீட்டில் 'கோரிங்க' என்பார்கள். மனிதர்கள் சண்டையைப் பேசித் தீர்த்துக்கொண்டு ஒரே தெருவில் இருக்கிறோம். ஒற்றைப் பனைமரத்துப் பொந்துக்காக அடித்துக்கொள்ளும் கோரிங்கவுக்கும் பனங்காடைக்கும் அந்த வசதி கிடையாது. தோற்றவர் வேறு மரம் தேட வேண்டும். வேறு மரம் இல்லையென்றால், அந்த வருஷம் குஞ்சு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காக்கா, மைனா, கிளி எல்லாமே நம் மண்ணின் பறவைகள். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவை இல்லை. சின்னக் குருவிகளோடு பல ஆயிரம் வருஷம் சேர்ந்தே வாழ்ந்தவை. அப்போதும் காக்கா முட்டை தின்றது, மைனா பொந்துக்குச் சண்டை போட்டது. அப்போது தாக்குப்பிடித்த சின்னப் பறவைகளுக்கு இப்போது மட்டும் ஏன் மூச்சு முட்டுகிறது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்தது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த சுமார் 3 கோடி குறிப்புகளை வைத்து, 942 வகைப் பறவைகளை மதிப்பிட்ட அறிக்கை இது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தது 338 வகைகளுக்கு. அதில் 204 வகைகள் குறைந்திருக்கின்றன. அதாவது பத்தில் ஆறு. கூடியிருப்பவை வெறும் 36.

கூடியவர்கள் யார்? மாடப்புறா, 2000-க்குப் பிறகு 150 சதவிகிதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. மயிலும் அதே அளவுக்கு. குயில் சுமார் 75 சதவிகிதம். குயில் முட்டையிடுவது காக்கா கூட்டில் என்பதையும் இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் இருக்கும் இடத்தில் எதையும் தின்று எங்கேயும் கூடுகட்டத் தெரிந்த பறவைகளுக்கும், அவற்றை அண்டிப் பிழைக்கும் பறவைகளுக்கும் இது நல்ல காலம்.

குறைந்தவர்கள் யார்? ஒரே வகை இடத்தை, ஒரே வகை உணவை நம்பி வாழ்கிறவர்கள். நம் ஊர்ப் பனங்காடை ஓர் உதாரணம். கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது சாதாரணமாகத் தெரிந்து, பறக்கும்போது இறக்கையில் நீலத்தை விரித்துக் காட்டுமே, அதேதான். உலக அளவில் அதன் நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்த 14 பறவைகளில் பனங்காடையும் ஒன்று.

ஆனால், இந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. நன்றாக இருக்கும் பறவைகள் பட்டியலில் சாம்பல் கதிர்க்குருவியும் இருக்கிறது! ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் குருவி. காக்கா ஒரு கொத்து கொத்தினால் தாங்காது. அது எப்படித் தப்பித்தது? இந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் பையில் போட்டுவைப்போம். பதிலுக்கு ஆஸ்திரேலியா வரைக்கும் போய்வர வேண்டும்.

பேர் மைனர், குணம் ரவுடி

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் 'நாய்ஸி மைனர்' என்று ஒரு பறவை இருக்கிறது. நம் மைனாவைப் போலவே மஞ்சள் அலகும், கண்ணோரத்தில் மஞ்சள் தோலும் இருக்கும். அதனால்தான் அந்தப் பேர். மைனாவின் பேர்தான் அங்கே மைனர் ஆனது. மற்றபடி ரெண்டுக்கும் சொந்தம் கிடையாது. அது தேன் உண்ணும் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த நாட்டின் சொந்தப் பறவை.

இந்தப் பறவை கூட்டமாக வாழும். தன் எல்லைக்குள் வேறு எந்தப் பறவை நுழைந்தாலும் பத்துப் பேர் சேர்ந்து துரத்தும். தன்னைவிடச் சின்னது, பெரியது என்ற கணக்கெல்லாம் இல்லை. சில நேரம் மேய வந்த மாட்டைக்கூட விட்டுவைப்பதில்லை. பெரிய பறவைகள் சமாளித்துக்கொள்ளும். சின்னப் பறவைகளால் முடியாது. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது ரெண்டரை ஏக்கருக்கு, ஒரு நாய்ஸி மைனருக்கும் குறைவாக இருந்தாலே சின்னப் பறவைகளின் வகைகள் குறைய ஆரம்பிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

விஷயம் முற்றி, 2014-ல் ஆஸ்திரேலிய அரசு தன் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் ஒரு முடிவெடுத்தது. நாய்ஸி மைனர்கள் அளவுக்கு மீறிப் பெருகி மற்ற பறவைகளை விரட்டுவதை, உயிரினங்களுக்கு 'முக்கிய அச்சுறுத்தல்' என்று பட்டியலில் சேர்த்தது. காட்டுப்பூனை, நரி என்று வெளியிலிருந்து வந்த விலங்குகளைக் குற்றம் சொல்லிப் பழகிய நாடு, தன் சொந்தப் பறவையையே அந்தப் பட்டியலில் சேர்த்தது பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

இதனால் அடிபட்ட பறவைகளில் ஒன்று 'ரீஜன்ட் ஹனிஈட்டர்'. கறுப்பும் மஞ்சளுமாக அவ்வளவு அழகு. காடுகள் அழிந்ததே அதன் வீழ்ச்சிக்குப் பெரிய காரணம். மிச்சமிருந்த மரங்களிலும் மைனர்கள் அண்டவிடவில்லை. இப்போது காட்டில் சில நூறுதான் மிச்சம். 2021-ல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. கற்றுக்கொடுக்கப் பெரிய ஆண் பறவைகள் பக்கத்தில் இல்லாததால், இளம் ஆண்களில் சில தன் இனத்தின் பாட்டே தெரியாமல் வேறு பறவைகளின் பாட்டைப் பாடித் திரிகின்றனவாம். அந்தப் பாட்டைக் கேட்டுப் பெண் பறவைகள் வருவது குறைகிறது. ஒரு பறவையினம் எப்படியெல்லாம் அழிய முடியும் பாருங்கள்!

சுட்டும் தீரவில்லை

"அப்புறம் என்ன, சுட வேண்டியதுதானே?" என்று தோன்றுகிறதல்லவா? சுட்டும் பார்த்தார்கள். சில இடங்களில் ஆயிரக்கணக்கில் நீக்கினார்கள். சில இடங்களில் பலன் கிடைத்தது. பல இடங்களில், காலியான இடத்துக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து புது மைனர்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

காரணம் இதுதான்: நாய்ஸி மைனருக்குப் பிடித்த இடத்தை உருவாக்கிக் கொடுத்ததே மனிதர்கள். அதற்கு அடர்ந்த காடு பிடிக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் இருக்க வேண்டும், கீழே புதர் இருக்கக் கூடாது, எட்டிப் பார்த்தால் தூரம் வரை தெரிய வேண்டும். விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை வெட்டியபோது மிஞ்சியது எல்லாம் இப்படிப்பட்ட துண்டுக் காடுகள்தான். காட்டின் விளிம்பிலிருந்து 150 முதல் 300 மீட்டர் உள்ளே வரை இந்தப் பறவையின் ராஜ்ஜியம் நடக்கும். காடு சின்னத் துண்டாக இருந்தால், அது முழுக்கவே விளிம்புதான்.

அதே காட்டில் புதர்கள் அடர்ந்திருந்தால் நிலைமை மாறுகிறது. துரத்தப்பட்ட சின்னக் குருவி சட்டென்று புதருக்குள் பாய்ந்துவிடும். துரத்தியவர் வெளியே நின்று கத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

அங்கே இன்னொரு பாடமும் கிடைத்தது. சின்னப் பறவைகள் போன மரங்களில் பூச்சிகள் பெருகின. இலைகளைப் பூச்சி உறிஞ்சி உறிஞ்சி, யூகலிப்டஸ் மரங்கள் நுனியிலிருந்து கருக ஆரம்பித்தன. குருவி போனால் குருவி மட்டும் போவதில்லை. மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இலைக்கு இலை புழு பொறுக்கும் சின்னப் பறவைகள், சம்பளம் கேட்காத வேலையாட்கள்.

நம்ம காக்கா, அடுத்தவர் வீட்டில்

'அது ஆஸ்திரேலியாக் கதை, நமக்கு எதுக்கு?' என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்க் காக்கா வெளிநாட்டில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். 1890-களில் குப்பையைச் சுத்தம் செய்யும் என்று நம்பி, ஆப்பிரிக்காவின் ஜான்சிபார் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மலேயாவின் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுபோனார்கள். போன இடத்திலெல்லாம் காக்கா புழுவோடு நிற்கவில்லை.

கென்யாவின் கடற்கரை ஊர்களில் தூக்கணாங்குருவியின் உறவுக்காரப் பறவைகளின் கூடுகளைக் காக்கா சூறையாடுவதாகப் புகார் எழுந்தது. 2024-ல் அந்த நாட்டு வனவிலங்குத் துறை, 10 லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. சிங்கப்பூரிலும் பல வருஷமாகக் காக்கா கூடுகளை அகற்றுகிறார்கள். அதோடு குப்பைத் தொட்டிகளை இறுக மூடுவதிலும் கவனம் வைக்கிறார்கள். சாப்பாட்டை நிறுத்தாமல் காக்காவை நிறுத்த முடியாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு காலத்தில் காக்காவை எலியோடு சேர்த்துத்தான் வைத்திருந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'தீங்குயிரிகள்' என்ற பட்டியலில் காக்கா இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தத் தனிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். ஒரு பறவையைத் தீங்கு என்று முத்திரை குத்திவிட்டால், நம் பக்கத்துத் தப்பைப் பார்க்காமல் போய்விடுவோம்.

சரி, நாம் என்ன செய்தோம்?

இப்போ மறுபடி கே.ஜி.கண்டிகைக்கு வருவோம். அங்கே மட்டுமல்ல, நீங்கள் இருக்கும் ஊரிலும் இதேதான் நடந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, குப்பை. ஓட்டல் மிச்சம், கறிக்கடைக் கழிவு, கோழிக்கடைக் குடல், கல்யாண மண்டபத்து இலை. இவை திறந்தவெளியில் கிடக்கிற ஊரில் காக்காவுக்கு வருஷம் முழுக்க விருந்து. காட்டில் ஒரு மிருகத்தின் எண்ணிக்கையை உணவுதான் கட்டுப்படுத்தும். நாம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம். குப்பை மேட்டில் வயிறு நிறைந்தாலும், குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதே காக்கா பக்கத்துத் தோப்புக் கூடுகளையும் விட்டுவைக்காது.

இரண்டாவது, வேலி. ஒரு காலத்தில் நிலத்துக்கு வேலி என்றால் கள்ளி, கிளுவை, நொச்சி, ஆடாதொடை, காட்டாமணக்கு. அந்த உயிர்வேலிதான் சின்னக் குருவிகளின் தெரு, வீடு, ஒளிவிடம் எல்லாம். இன்று கல்தூணும் முள்கம்பியும். மனை போட்ட இடத்தில் காம்பவுண்டு சுவர். முள்கம்பியில் உட்காரலாம், ஒளிய முடியாது. ஆஸ்திரேலியாவில் புதர் இல்லாத காடு என்ன ஆனதோ, அதே கதைதான் வேலி இல்லாத வயல்வெளியிலும்.

மூன்றாவது, சுத்தம். மாந்தோப்பில் கீழே ஒரு செடி இல்லாமல் உழுதுபோட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால், குருவியின் கண்ணுக்கு அது கூரை இருந்தும் சுவர் இல்லாத வீடு. மேலே வால்காக்கை, கீழே வெட்டவெளி.

நான்காவது, பட்ட மரம். காய்க்காத பனை, உளுத்த கிளை, சாலையோரத்துப் பழைய புளியமரம் எல்லாம் போய்விட்டால் பொந்துகளும் போகும். பொந்து குறையும்போது சண்டை கூடும். சண்டையில் மைனாவும் கிளியும் ஜெயிக்கும். பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. நாம் அதைப் பனங்கிழங்குக்கும் நுங்குக்கும் என்று நினைத்தோம். பனங்காடைக்கும் அதுதான் வீட்டுமனைப் பட்டா.

பையில் போட்டுவைத்த கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. சாம்பல் கதிர்க்குருவி எப்படித் தப்பித்தது? அதற்குப் பெரிய காடு வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் ரெண்டு செம்பருத்தி, ஒரு கொடிப் பந்தல், ஓரமாக நாலு புதர் போதும். இலையைத் தைத்து, தரைக்குக் கொஞ்சம் மேலே கண்ணுக்குத் தெரியாமல் கூடு வைத்துவிடும். ஒளிய இடம் இருக்கும் வரை காக்கா எத்தனை இருந்தாலும் அது பிழைத்துக்கொள்கிறது.

எல்லா முரடனும் வில்லன் இல்லை

இன்னொரு ஆளையும் அறிமுகப்படுத்த வேண்டும். கரிச்சான். ரெட்டைவால் குருவி என்றால் சட்டென்று தெரியும். மாட்டு முதுகில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பறவை. அளவில் மைனாவைவிட மெலிந்தது. ஆனால், கூடு வைத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் காக்காவோ பருந்தோ வந்தால் தலையில் கொத்திக் கொத்தித் துரத்தும்.

இதைத் தெரிந்துவைத்திருக்கும் கொண்டைக்குருவி, மாங்குயில், புறா வகைகள் எல்லாம் கரிச்சான் கூடு இருக்கும் மரத்திலோ பக்கத்து மரத்திலோ தங்கள் கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. காவல்காரர் வீட்டுப் பக்கத்தில் குடிபோவது மாதிரி. வடக்கே கரிச்சானுக்குப் பேரே 'கோத்வால்', அதாவது போலீஸ்காரர். கரிச்சானும் முரட்டுப் பறவைதான். ஆனால், அதன் முரட்டுத்தனத்தின் நிழலில் சின்னப் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன.

ஆகவே, குணத்தை வைத்து ஒரு பறவையை நல்லது, கெட்டது என்று பிரிக்க முடியாது. எத்தனை இருக்கிறது, எந்த மாதிரி இடத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நூறு காக்கா இருக்கும் ஊரில் நாலு கரிச்சான் என்ன செய்யும்?

சோறு வைப்பதை நிறுத்தணுமா?

இதைப் படிக்கும்போதே உங்களில் பலருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். அமாவாசை அன்றைக்குக் காக்காவுக்குச் சோறு வைக்காமல் நம் வீடுகளில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. முன்னோர் வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. அந்த ஒரு பிடிச் சோற்றால் காக்கா பெருகவில்லை. தாராளமாக வையுங்கள். காக்காவைப் பெருக்குவது தெருமுனையில் கவர் கட்டி வீசும் நம் வீட்டு எச்சமும், கடைகளின் கழிவும்தான்.

மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவது மட்டும் வேறு கணக்கு. 2025-ல் மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் 'கபூதர்கானா'க்களை மூடச் சொன்னபோது எவ்வளவு பெரிய ரகளை நடந்தது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். தாதரில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அதை எதிர்த்துப் போராட்டம், கோர்ட், கேஸ். புறா எச்சத்தால் நுரையீரல் பாதிக்கும் என்று டாக்டர்கள் ஒரு பக்கம், ஜீவகாருண்யம் என்று பக்தர்கள் ஒரு பக்கம். இரக்கம் தப்பே இல்லை. ஆனால், ஒரே ஒரு பறவைக்கு மட்டும் கொட்டிக் கொடுத்தால், அது இரக்கத்தையும் தாண்டிப் பஞ்சாயத்தில் ஒருதலைப்பட்சமான தீர்ப்பாகிவிடுகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். இந்தச் சின்னச் சின்ன விஷயங்களே போதும்.

குப்பையை மூடுங்கள். வீட்டில் மட்டுமல்ல, கறிக்கடை, ஓட்டல் கழிவுகளை மூடிய வண்டியில் எடுக்கச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கலாம்.

வேலியின் ஒரு பக்கத்தையாவது உயிர்வேலியாக விடுங்கள். நாலு பக்கமும் முடியாவிட்டால், பாதைப் பக்கம் சுவர், கொல்லைப் பக்கம் நொச்சியும் ஆடாதொடையும். ஆடு கடிக்காத செடிகள்தான் இவை.

தோப்பின் ஒரு மூலையை உழாமல் விடுங்கள். ரெண்டு சென்ட் போதும். அங்கே தானாக முளைக்கும் புதர்களைக் களை என்று நினைக்காதீர்கள்.

பட்ட மரத்தால் யார் தலையிலும் விழும் ஆபத்து இல்லையென்றால், அதை அப்படியே நிற்க விடுங்கள். உங்களுக்கு அது விறகு. ஓர் ஆந்தைக் குடும்பத்துக்கு அதுதான் வீடு.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைக்கிறீர்களா? வாசல் துளையைச் சுமார் 3.2 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக்காதீர்கள். சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழைய முடியாது. துளைக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சிட்டுக்குருவிக்கு அது தேவையில்லை. திருட வருகிறவர் உட்காரத்தான் அது உதவும்.

கடைசியாக, எண்ணுங்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும், நாலு நாள், தமிழ்நாடு முழுக்கப் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை 'இ-பேர்ட்' தளத்தில் பதிவு செய்தால் போதும். நாம் மேலே பார்த்த 204, 36 என்ற எண்களெல்லாம் இப்படிச் சாதாரண ஜனங்கள் எண்ணிக் கொடுத்தவைதான். சிறிய ஊர்களிலிருந்து வரும் ஒவ்வொரு பட்டியலுக்கும் அதில் மதிப்பு உண்டு.

அடுத்த பொங்கலுக்குத் திருத்தணி மலையேறப் போகிறவர்கள், தரிசனம் முடிந்து இறங்கும்போது ஒரு பதினைந்து நிமிஷம் ஒதுக்குங்கள். படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு பட்டியல், கொஞ்சம் தள்ளிப் புதர் ஓரமாக இன்னொரு பட்டியல். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அப்புறம் உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அந்தப் பட்டியலில் காக்கா, மைனா, புறா மூணுதான் இருக்கிறது என்றால், ஒரு நொச்சிக் குச்சியை ஒடித்துவந்து ஊன்ற மழைக்காலம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். தண்ணி ஊத்தினால் தழைத்துவிடும்!